‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா’: வெள்ளம் வடிந்த கரையில் யார் சுத்தம் செய்கிறார்கள்?

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை மூழ்கடித்துவிட்டுப் போனது. அதன் பிறகு இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஓர் அழைப்பு வந்தது. சென்னைக்குத் தெற்கே, கழிமுகத்தை ஒட்டிய ஒரு நீர் விளையாட்டு முகாமில் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய குப்பையை அகற்றத் தன்னார்வலர்கள் தேவை. டி-ஷர்ட், கையுறை, காலைச் சிற்றுண்டி உண்டு. சான்றிதழும் தரப்படும். ‘நம் ஆறு, நம் பொறுப்பு’ என்று கீழே எழுதியிருந்தார்கள்.

நாங்கள் எட்டுப் பேர் போனோம். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். இருவர் அப்போதுதான் சட்டம் முடித்தவர்கள். ஒருவர் கண்ணகி நகரில் வளர்ந்தவர். அவர் வீட்டுத் தெருவில் அன்று காலையும் முழங்காலளவு தண்ணீர் நின்றது. “நம்ம தெருவையே யாரும் வந்து பாக்கல, நாம அங்க போய்ப் படகைக் கழுவணுமா?” என்று அவர் பேருந்தில் கேட்டதற்கு எங்களில் யாரும் சரியான பதில் சொல்லவில்லை. ஆறு எல்லோருக்கும் பொது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம்.

கரையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து துடுப்புப் படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேற்றில் கிடந்தன. ஆகாயத்தாமரை, தெர்மாகோல், மது பாட்டில்கள், குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர்கள், மெத்தை, உடைந்த பீரோ, ஊசிகள், வீங்கிப்போன இரண்டு நாய்கள். எல்லாவற்றின் மீதும் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புச் சேறு. நாற்றம் தாங்க முடியவில்லை.

அங்கே எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் அறுபது பேர் இருந்திருப்போம். எங்களுக்கு முன்பே, விடியற்காலையிலேயே, ஒப்பந்ததாரர் அனுப்பிய தூய்மைப் பணியாளர்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் பெண்கள். இன்னார் இதைச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் வேலை தானாகப் பிரிந்துகொண்டது. பாட்டில், தெர்மாகோல், ஆகாயத்தாமரை, படகு கழுவுதல் எல்லாம் தன்னார்வலர்களுக்கு. டயப்பர், ஊசி, செத்த நாய், கழிவறைப் பக்கத்துச் சேறு எல்லாம் அந்தப் பதினோரு பேருக்கு. யாரும் பிரித்துக் கொடுக்காமலே இவ்வளவு துல்லியமாகப் பிரிகிறதென்றால், அந்தப் பிரிவினை எத்தனை நூற்றாண்டுப் பழக்கம் என்று யோசித்துப் பாருங்கள் தோழர்களே.

எங்களுக்குத் தடித்த ரப்பர் கையுறை தந்தார்கள். அந்தப் பெண்களில் இருவர் பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் வெறுங்கை. “உங்களுக்குக் கையுறை தரலையா அக்கா?” என்று கேட்டோம். “வேணாம்னு நாங்க எப்போப்பா சொன்னோம்? வேணுமான்னு ஒருத்தரும் கேக்கலயே” என்றார் ஒருவர். அமைப்பாளர்களிடம் போய்க் கேட்டோம். அவர்கள் நல்லவர்கள்தான், பதறிப் போனார்கள். ஆனால் சொன்ன பதில் இது: “அது ஒப்பந்ததாரர் தர வேண்டியது. நாங்கள் தன்னார்வலர்களுக்கு மட்டும்தான் கணக்குப் போட்டு வாங்கினோம்.”

பதினொரு மணிக்குக் குழுப் படம் எடுத்தார்கள். பின்னால் ஆறு, முன்னால் கழுவித் துடைத்த படகுகள், நடுவில் ஒரே நிற டி-ஷர்ட்டில் நாங்கள். படம் எடுத்தவர், ஓரத்தில் கூடையோடு நின்ற அந்தப் பெண்களைப் பார்த்து, மிக மரியாதையாகத்தான் சொன்னார்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா.” அவர்கள் தள்ளி நின்றார்கள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நம் பாட்டன் பாட்டிமார் ஆயுள் முழுக்கக் கேட்ட அதே வாக்கியம், ஒரு ‘அம்மா’வை மட்டும் சேர்த்துக்கொண்டு, 2023-இல் ஆற்றங்கரையில் ஒலித்தது. அந்தப் படத்தில் நாங்களும் இருக்கிறோம். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மதியம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. முகாமின் கழிவறைத் தொட்டி வெள்ளத்தில் நிரம்பி, சேறும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. கழிவுநீர் லாரிக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரெல்லாம் வெள்ளம் என்பதால் லாரி வர நேரமாகும் என்ற பதில் வந்தது. முகாமை வார இறுதிக்குள் திறக்க வேண்டும். மேற்பார்வையாளர், தொழிலாளர்களில் ஓர் அண்ணனை அழைத்து, மூடியைத் திறந்து வாளியோடு இறங்கச் சொன்னார். “இடுப்பளவுதான். அஞ்சு நிமிஷ வேலை.” அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் எட்டுப் பேரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். சட்டம் படித்த தோழர் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னார். மனிதர் மலம் அள்ளும் பணியைத் தடை செய்யும் அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதாளச் சாக்கடையையும் கழிவுத் தொட்டியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. உள்ளாட்சி, தனியார், ஒப்பந்ததாரர் யாராக இருந்தாலும் இது பொருந்தும். 9-ஆம் பிரிவின்படி முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை மீறினால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். இதைச் சொன்னதும் மேற்பார்வையாளரின் குரல் இறங்கியது. நாலரை மணிக்கு லாரி வந்தது. யாரும் இறங்கவில்லை.

வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். கிளம்பும்போது அந்த அண்ணன் எங்களைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, நன்றியும் சொல்லவில்லை. “தம்பி, நீங்க சட்டம் பேசிட்டுப் பஸ் ஏறிடுவீங்க. நாளைக்கு காலைல அந்த ஆளு மூஞ்சில நான்தான முழிக்கணும்?” என்றார்.

அவர் சொன்னது நடந்தது. அடுத்த பன்னிரண்டு நாட்கள் அவருக்கு வேலை தரப்படவில்லை. நாங்கள் காசு சேர்த்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார். தொழிற்சங்கத் தோழர்கள் போய்ப் பேசிய பிறகுதான் அவர் பெயர் மறுபடியும் வருகைப் பதிவேட்டில் ஏறியது. சட்டப் பிரிவு எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, ஒரு தினக்கூலித் தொழிலாளி ‘முடியாது’ என்று சொல்வதற்கு என்ன விலை என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்பதையும் பேச வேண்டும். தென் சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே ஓடி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. குப்பைக் கிடங்கும் சாலைகளும் கண்ணாடிக் கட்டடங்களும் தின்றது போக எஞ்சிய 1,247 ஹெக்டேருக்குத்தான் 2022-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது.

இந்தத் தண்ணீர் போகும் பாதையில் வேறு யாரைக் கொண்டுவந்து வைத்தார்கள்? 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களை, ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று பெயர் சூட்டி, நகரத்துக்கு வெளியே, இன்னொரு வெள்ளப் பாதையில் கொண்டுவந்து அடுக்கினார்கள். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளத்தில் சாவீர்கள் என்று சொல்லித்தான் தூக்கி வந்தார்கள். வந்து சேர்ந்த இடத்திலும் வெள்ளம்தான். பழைய இடத்திலாவது பக்கத்தில் வேலை இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே சொன்னது. நீர்த்தேக்கத்தை யார் நிர்வகித்தார்கள், நீர்நிலைகளில் கட்டடம் எழுப்ப யார் அனுமதி தந்தார்கள் என்பதெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஆனால் வெள்ளம் வடிந்ததும் முதலில் அப்புறப்படுத்தப்பட்டவை அடையாற்றங்கரைக் குடிசைகள். அதே அடையாற்றின் கரையில்தான் 1867-இல் தொடங்கப்பட்ட படகு மன்றம் இருக்கிறது. அந்த மன்றத்தின் பெயரைத் தாங்கிய சாலை நகரத்தின் மிக விலை உயர்ந்த முகவரிகளில் ஒன்று. அவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் இருப்பது சிலருக்கு அழகான முகவரியாகவும் சிலருக்குக் குற்றமாகவும் ஆவது எப்படி என்று மட்டும் கேட்கிறோம். வெள்ளம் இரண்டு கரையையும் ஒன்றாகத்தான் தொட்டது. புல்டோசர் ஒரு பக்கம்தான் போனது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையைச் சுத்தம் செய்ய மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை ஏற்றி வந்தார்கள். 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினத்தில் உடல்களை மீட்டுப் புதைக்க வேற்றூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களே. அப்படி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள் என்பதை விளக்கத் தேவையில்லை. மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் தங்கள் சொந்தப் படகில் போய், வாளியாலும் குவளையாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். அழுக்கை உண்டாக்குகிறவர் ஒருவர், அதில் கை வைக்கிறவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு இந்த நாட்டில் பேரிடர் நாளில்கூட மாறுவதில்லை.

‘எல்லாவற்றிலும் சாதியைத் தேடுகிறீர்களே’ என்று நண்பர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிய பிள்ளைகளின் நல்ல மனதைக் கொச்சைப்படுத்தலாமா என்கிறார்கள். கொச்சைப்படுத்தவில்லை. அவர்களில் பலர் பின்னர் எங்களோடு பேசினார்கள், சிலர் இன்றும் கூட இருக்கிறார்கள். நாங்கள் சொல்வது வேறு. ஒரே சேறு, ஒரே கூடை, ஒரே காலை. ஒருவர் அள்ளினால் அது சேவை, சான்றிதழ், முகநூல் படம். இன்னொருவர் அள்ளினால் அது ‘அவங்க வேலை’. அள்ள வேண்டிய கட்டாயம் இல்லாதவர் என்பதால்தான் முதலாமவர் புகழப்படுகிறார். கட்டாயம் யாருக்கு, விருப்பம் யாருக்கு என்பதைப் பிறப்பு முடிவு செய்கிற வரைக்கும் நாங்கள் சாதியைத் தேடத் தேவையில்லை. அது தானாக வந்து நிற்கும்.

சுத்தம் என்ற சொல்லையே நாம் சந்தேகத்தோடு பார்க்கக் கற்க வேண்டும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கான மக்கள் அவரைப் பின்தொடர்ந்து குடித்தார்கள். அதற்குச் சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? குளம் தீட்டாகிவிட்டது என்று சொல்லி, 108 குடங்களில் நீரெடுத்து, அதில் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் ஓதி மறுபடியும் குளத்தில் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். மனிதன் தொட்டால் அழுக்கு, சாணி கலந்தால் சுத்தம். அந்தக் குளத்தில் நமக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல 1937 ஆகிவிட்டது. நீரை அசுத்தமாக்குகிறவர்கள் என்று யார் மீது பழி போட்டார்களோ, அவர்கள் கையில்தான் ஊரின் நீரைச் சுத்தமாக்கும் வேலையையும் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்காகத் தூய்மை முகாம்களுக்கே போகாதீர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆறு நம்முடையதும்தான். ஆனால் எப்படிப் போவது என்பதில் எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, போவதற்கு முன் அமைப்பாளர்களிடம் கேளுங்கள். அங்கே கூலித் தொழிலாளர்கள் வருகிறார்களா? அவர்களுக்குக் கையுறை, முழங்கால் காலணி, முகக்கவசம், குடிநீர், கழிவறை, உணவு உண்டா? வெள்ளச் சேற்றில் வெறுங்காலோடு நிற்பவருக்கு எலிக் காய்ச்சல் வரும். கீறல் பட்டால் தனுர்வாத ஊசி தேவை. மருத்துவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும், அவர் முதலில் பார்க்க வேண்டியது தொழிலாளர்களை. தன்னார்வலர்களுக்குத் தரும் எதுவும் அவர்களுக்குத் தரப்படாவிட்டால், நாமும் வாங்கக் கூடாது.

இரண்டாவது, வேலையைத் தானாகப் பிரிய விடாதீர்கள். காலையிலேயே எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசிப் பிரியுங்கள். கையால் தொடக் கூடாத கழிவை யாருமே தொடக் கூடாது. அதற்கு இயந்திரம் வர வேண்டும். கருவியோடு செய்யக்கூடிய அருவருப்பான வேலையில் தன்னார்வலர்களின் பங்கு இருக்க வேண்டும்.

மூன்றாவது, தொட்டியிலோ சாக்கடையிலோ ஆள் இறக்கும் பேச்சு வந்தால் உடனே நிறுத்துங்கள். 14420 என்ற உதவி எண்ணை எல்லோரும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். இறப்பு நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் இழப்பீடு வாங்கித் தருவது நம் வெற்றியாகாது. யாரும் இறங்காமல் இருப்பதுதான் வெற்றி.

நான்காவது, நாங்கள் செய்த தவறைச் செய்யாதீர்கள். தொழிலாளியிடம் கேட்காமல் அவருக்காகப் பேசிவிட்டுப் பஸ் ஏறாதீர்கள். உயிர் போகும் நேரத்தில் தடுத்தே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் பன்னிரண்டு நாட்களையும் நம் கணக்கில் வைக்க வேண்டும். அந்தப் பகுதியில் எந்தச் சங்கம் இயங்குகிறது, யாரிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். ‘முடியாது’ என்று சொல்லும் துணிவு, வேலை நிலைக்கும் என்ற உறுதியிலிருந்து வருகிறது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்ததையும், நள்ளிரவில் காவல்துறை அவர்களை அள்ளிக்கொண்டு போனதையும் பார்த்தோம். வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, நிரந்தரம் செய் என்ற அவர்களின் கோரிக்கையில்தான் அந்தத் தொட்டி அண்ணனின் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

ஐந்தாவது, முகாமுக்குப் போவதற்கு முன் குடியிருப்புக்குப் போங்கள். அன்று எங்களோடு வந்த தோழரின் கேள்வி சரியான கேள்வி. படகு கிடக்கும் கரைக்கு அறுபது பேர் வந்தார்கள். அந்தப் படகைக் கழுவ வந்த பெண்களின் வீட்டுக்குள் சேறு காய்ந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் போகவில்லை. அடுத்த ஞாயிறு நாங்கள் போனோம், இந்த முறை முப்பது பேர். டி-ஷர்ட் கிடையாது. அவர்கள் வீட்டுப் பாத்திரத்தை அவர்களோடு சேர்ந்து கழுவினோம். நனைந்துபோன குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுக்கு நகல் வாங்க மனு எழுதிக் கொடுத்தோம். அந்த வேலையே மூன்று வாரம் பிடித்தது.

மனு எழுதிக்கொண்டிருந்தபோது, கையுறை பற்றி எங்களிடம் பேசிய அந்த அக்காவின் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா கழுவிய படகில் தன்னையும் ஏற்றுவார்களா என்று கேட்டாள். நீச்சல் தெரியுமா என்றோம். தெரியாது என்றாள். அந்தத் தெருவில் எந்தப் பெண் பிள்ளைக்கும் தெரியாது. ஊர்க் குளத்திலும் கிணற்றிலும் இறங்க விடாத ஊர்களிலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்கள் அங்கே பல உண்டு. வந்தபின் ஆற்றங்கரையிலிருந்தும் விரட்டப்பட்டவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குள் வரும் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் அந்தப் பிள்ளைகள் கால் வைத்ததில்லை.

பொது நீரில் நடக்கும் ஒவ்வொரு படகு முகாமும் அந்த நீரின் கரையில் வாழும் பிள்ளைகளுக்கு நீச்சலும் துடுப்பும் இலவசமாகக் கற்றுத்தர வேண்டும் என்பதை அரசு நிபந்தனையாக்க வேண்டும். கேட்பதற்குச் சிறிய கோரிக்கை போலத் தெரியலாம். மகாத்தில் கேட்டதும் ஒரு கை தண்ணீர்தான். அந்தப் பெண்ணின் கேள்வியோடு சேர்த்து இந்தக் கோரிக்கையை ஒரு மனுவாக எழுதியிருக்கிறோம். வரும் மழைக்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்திட வாருங்கள்.

ஜெய் பீம்.